யாரும் கூப்பிடாத வரி

இந்தக் கதையில் சீடருக்கு ஐம்பத்திரண்டு வயது, குருவுக்கு முப்பத்து மூன்று. அதற்கு யார் என்ன செய்ய முடியும்? நடந்தது அப்படித்தான்.

சீடர் பெயர் திருமலைசாமி. இருபத்தாறு வருஷம் ஒரு நூற்பாலையின் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் வேலை பார்த்தவர். ஆலையை மூடினார்கள். வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கிற ஆள் இல்லை அவர். புது மொழிகளை உட்கார்ந்து படித்து, சரவணம்பட்டியில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தார்.

குரு ஹசீனா, அங்கே டீம் லீட். ஒரு கேள்வி கேட்டால் நேராகப் பதில் சொல்ல மாட்டார். திருப்பி இன்னொரு கேள்வி கேட்பார். அதனால் ஆபீசில் எல்லோரும் அவரை 'குரு' என்று கேலி பண்ணுவார்கள். திருமலைசாமிக்கு அது கேலி என்றே புரியவில்லை. சேர்ந்த அன்றைக்கே தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"தொழில் கத்துக்கறதுன்னா இப்படித்தானுங்க மேடம் ஆரம்பிக்கோணும்."

ஹசீனா ஒரு வாழைப்பழத்தை எடுத்து, உரித்துத் தின்றார். "சரிங்ணா, உக்காருங்க" என்றார். பாடம் ஆரம்பித்தது.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷம் ஆயிற்று. இப்போது ஒரு திங்கள்கிழமை, மதியம் இரண்டேமுக்கால் மணி. அதே சீடர் அதே குருவின் மேசைக்கு முன்னால் வந்து நிற்கிறார். கையில் தட்டு இல்லை. கோபம்தான் இருக்கிறது.

"மேடம், எனக்கு ஒரு நியாயம் சொல்லுங்க."

"உக்காருங்ணா."

"உக்கார மாட்டேனுங்க. மொதல்ல நியாயம்."

அவர் கோபத்தைச் சொல்வதற்கு முன்னால் அவர் செய்த காரியத்தைச் சொல்லிவிட வேண்டும்.

புரோகிராம் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் சில வரிகள் எழுதுவார்கள். இன்ன இடத்திலிருந்து இன்னதை எடுத்து வா என்று சொல்லும் வரிகள். இம்போர்ட் என்பார்கள். சமையலுக்கு முன்னால் மளிகைச் சாமான் பட்டியல் போடுகிற மாதிரி. ஆனால் நாளாக ஆக அந்தப் பட்டியல் குப்பையாகிவிடும். ஒருத்தர் மேலே சேர்ப்பார், ஒருத்தர் நடுவில் செருகுவார், என்றைக்கோ கேட்ட பெருங்காயம் இன்னும் பட்டியலில் கிடக்கும்.

திருமலைசாமிக்கு இது கண்ணை உறுத்தியது. ஆலையில் ஒரு நூல்கண்டு இடம் மாறி இருந்தாலே பொறுக்காத மனுஷர். ஐந்து மாசம், வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் உட்கார்ந்து, எல்லோரும் எழுதுகிற எடிட்டரில் ஒட்டிக்கொள்கிற மாதிரி ஒரு பிளகின் எழுதினார். 'ஒழுங்கு' என்று பெயர் வைத்தார். ஃபைலை சேவ் செய்த அடுத்த நொடி அது மூன்று வேலை செய்யும். இம்போர்ட் வரிகளை, தமிழ்ப் பெயர் உள்ளவற்றையும் சேர்த்து, அகர வரிசையில் அடுக்கும். ஒரே வகையான வரிகளை ஒன்றாகச் சேர்க்கும். கீழே எங்குமே பெயர் வராத வரியை, இது பயன்படாத வரி என்று எடுத்துவிடும்.

ஆபீசே அசந்து போயிற்று. முதலாளி வரதராஜன் தோளில் தட்டி, "ஒண்ணாம் தேதியிலிருந்து நீங்க நிரந்தரம்" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டு திருமலைசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில் இதைவிட்டால் வேறு எவன் கூப்பிடப் போகிறான்?

அந்த உற்சாகத்தில் போன வியாழக்கிழமை மதியம் உட்கார்ந்து, கம்பெனியின் இருநூற்றுப் பன்னிரண்டு ஃபைல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, சேவ் செய்து, மூடினார். பொங்கலுக்கு வெள்ளையடித்த வீடு மாதிரி ஆயிற்று எல்லாம்.

வெள்ளிக்கிழமை, ஓர் அறக்கட்டளை நடத்தும் செவிலியர் உதவியாளர் நுழைவுத் தேர்வுக்கு இந்தக் கம்பெனியின் புரோகிராம் மூலம் ஹால் டிக்கெட் தயாரானது. மூவாயிரத்து எண்ணூறு பேர். போட்டோ இருந்தது, எண் இருந்தது, தேர்வு மையம் இருந்தது. தமிழில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக இருந்தது. பிள்ளைகள் போனில் இறக்கிப் பார்த்துவிட்டு, நம்ம போனில்தான் தமிழ் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தேர்வு. மற்ற மையங்களில் போட்டோவைப் பார்த்து உள்ளே விட்டார்கள். ஒரு மையத்தில் மட்டும் கண்காணிப்பாளர் கறாரான ஆள். பெயர் இல்லாத சீட்டுக்கு எந்த ஆளை விடுவது என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார். நாற்பத்தொரு பெண்கள் தேர்வு எழுதாமல் திரும்பிப் போனார்கள்.

காரணம் ஒரே ஒரு வரி. தமிழ் எழுத்துருவை அச்சுக்குப் பழக்கி வைக்கிற இம்போர்ட் வரி. அதை எடுத்து வந்தாலே போதும், அதன் வேலை முடிந்துவிடும். அதற்கப்புறம் ஃபைலில் எங்கேயும் யாரும் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியதில்லை. கூப்பிடாததால் 'ஒழுங்கு' அதைத் தூக்கி எறிந்துவிட்டது.

திங்கள் காலை எட்டு மணிக்கே வரியைத் திரும்பப் போட்டாயிற்று. ஆனால் அறக்கட்டளைக்காரர்கள் விடவில்லை. நாலு மணிக்குள் எழுத்தில் வேண்டும், யார் தப்பு என்று பெயரோடு வேண்டும் என்றார்கள். வரதராஜன் ஹசீனாவைக் கூப்பிட்டு, "ஒரு பேரு, ஒரே ஒரு பேரு. அந்த ஆளை இன்னைக்கே அனுப்பிட்டோம்னு சொல்லிடலாம்" என்றார். அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டியது ஹசீனா.

அந்தப் பெயர் தன் பெயராக இருக்கப் போகிறது என்று காபி மெஷின் பக்கத்தில் யாரோ பேசியது திருமலைசாமி காதில் விழுந்தது. அவ்வளவுதான்.

"நான் என்னங்க தப்பு பண்ணேன்? சொல்லுங்க மேடம். குப்பையாக் கெடந்ததைச் சுத்தம் பண்ணேன். அது ஒரு குத்தமா? ஒரு வரியை எழுதறவங்க, இது எதுக்குன்னு பக்கத்துல ஒரு குறிப்பு எழுதோணுமா வேண்டாமா? நாலு வருஷமா அந்த வரி அங்க மொட்டையா நிக்குது. பாக்கறவன் என்னன்னு கண்டானுங்க? பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சொல்லுவாங்களே, அந்தக் கதையால்ல இருக்குது."

"அந்த வரியை எழுதினது யாருங்ணா?"

"செண்பகவல்லிங்க. நான் சரியாப் பாத்துட்டேன். நாலு வருஷத்துக்கு முன்னால, ஜூலை மாசம்."

"அவங்க லீவுல இருக்காங்க. குழந்தை பொறந்து நாப்பது நாள் ஆகுது."

"குழந்தை பொறந்தா எழுதின புரோகிராம் சரியாயிடுங்களா?"

சொன்ன பிறகு அவருக்கே அது கொஞ்சம் அதிகமாகப் பட்டது. ஆனால் வாய்விட்ட சொல், திரும்ப எடுக்க முடியாது. அதன் மேலேயே இன்னும் நாலு சொல்லை அடுக்கினார்.

"எய்தவன் இருக்க அம்பை நோகறாங்க. ஆபீஸ்ல ஒருத்தன் விடாம 'ஒழுங்கு'தான் காரணம், 'ஒழுங்கு'தான் காரணம்ங்கறான். போன வாரம் இவனுங்கதான் எனக்குக் கை கொடுத்தானுங்க. வயசான ஆளு, ஒப்பந்தக்காரன், கேக்க நாதி இல்லைன்னுதானுங்களே என் தலையில கட்டப் பாக்கறாங்க?"

ஹசீனா போனை எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"காலையிலிருந்து பத்தொம்பது போன் பேசினேங்ணா" என்றார். "எல்லாம் அந்தப் பொண்ணுங்களோட அப்பா அம்மா. ஒருத்தரும் யார் தப்புன்னு கேக்கல. மறுபடி எப்ப எழுதலாம்னுதான் கேட்டாங்க."

 திருமலைசாமிக்குத் தன் நியாயம்தான் பெரிதாகத் தெரிந்தது.

"அதுக்காக, நான் பலியாகோணுமுங்களா?"

"வேண்டாம்" என்றார் ஹசீனா. நாற்காலியை விட்டு எழுந்தார். "நீங்களே இங்க உக்காந்து அறிக்கையை எழுதுங்க. என்ன நடந்ததோ எழுதுங்க. யார் பேரைப் போடணுமோ போடுங்க. நான் ஒரு வார்த்தை மாத்த மாட்டேன். கையெழுத்துப் போடறேன்."

"நெசமாங்களா?"

"நெசமாத்தான்."

திருமலைசாமி உட்கார்ந்தார். இப்படி ஒரு நியாயம் கிடைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. விரல்கள் தடதடவென்று ஓடின. ஆலையில் எத்தனை அறிக்கை எழுதியிருக்கிறார், அவருக்கா சொல்லித் தர வேண்டும்? "மேற்படி ஃபைலை எழுதிய ஊழியர் செண்பகவல்லி, மேற்படி வரியின் அவசியம் குறித்து எவ்விதக் குறிப்பும் எழுதாத காரணத்தால்" என்று ஆரம்பித்து ஒரே மூச்சில் ஒரு பக்கம் எழுதி முடித்தார். எழுத எழுத அவருக்குக் கோபம் தணியவில்லை, கூடத்தான் செய்தது.

ஹசீனா பின்னால் நின்று படித்தார். "நல்லா எழுதியிருக்கீங்க" என்றார்.

"உள்ளதை எழுதினேனுங்க."

"இதோட ஒண்ணு சேக்கணும். 'ஒழுங்கு' எந்த வரியை எடுக்கும், எந்த வரியை விடும்னு அவங்க கேப்பாங்க. ஒரு ஃபைலைக் காட்டி விளக்கணும். உங்க பிளகினையே காட்டிடலாம். அதோட ஃபைலைத் திறங்க."

திருமலைசாமி சந்தோஷமாகத் திறந்தார். அது அவர் பெற்ற பிள்ளை. ஃபைலின் தலையில் ஒன்பது இம்போர்ட் வரிகள், படைவீரர்கள் மாதிரி வரிசையாக நின்றன.

"மொத வரி. இதோட பேரு கீழ எங்க வருது?"

அவர் தேடு பெட்டியில் பெயரை அடித்தார். "ஏழு இடத்துலங்க."

"ரெண்டாவது?"

"மூணு இடத்துலங்க."

"மூணாவது?"

"பன்னெண்டு. இது இல்லாம ஒண்ணுமே நடக்காதுங்க மேடம்."

"நாலாவது?"

அடித்தார். எடிட்டர் தேடிவிட்டு, ஒன்று என்று காட்டியது. அந்த ஒன்று அந்த நாலாவது வரியேதான். கீழே எங்கேயும் இல்லை.

திருமலைசாமி மறுபடி அடித்தார். மறுபடியும் ஒன்றுதான் வந்தது.

"இது என்ன வரிங்ணா?"

"இது வந்துங்க." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "தமிழ் அகர வரிசைப் பட்டியலுங்க. ங, ஞ எல்லாம் எது முன்னால எது பின்னாலன்னு இதுதான் சொல்லிக் குடுக்கும். இதை எடுத்துட்டு வந்தாப் போதும். அதுக்கப்புறம் அடுக்கறது தானா சரியா நடக்குமுங்க."

"கீழ கூப்பிட வேண்டியதில்லை."

"இல்லீங்க."

"அப்ப 'ஒழுங்கு' ஏன் இதை எடுக்கல?"

அவருக்கு நினைவு வந்தது. அதுவரைக்கும் சத்தியமாக மறந்தே போயிருந்தது. பிளகினை எழுத ஆரம்பித்த இரண்டாவது வாரம். எழுதியதை அதன் மேலேயே ஓட்டிப் பார்த்தார். அது இந்த வரியைத் தூக்கிவிட்டது. அடுக்குகிறது எல்லாம் தாறுமாறாகப் போயிற்று. எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் டிபன் பாக்ஸ் திறக்காமலே வீட்டுக்குப் போய், பெண்டாட்டியிடம் பேச்சு வாங்கினார். கடைசியில் கண்டுபிடித்து, வரியின் வால் பக்கத்தில் ஒரு குறி போட்டார். அந்தக் குறி உள்ள வரியைத் தொடாதே என்று பிளகினுக்குள் ஒரு விதியும் எழுதினார். தயங்கித் தயங்கி இதையெல்லாம் சொன்னார். வால் பக்கம் இப்போதும் அந்தக் குறி இருந்தது. 'கை வைக்காதே' என்று அவர் கையாலேயே அடித்தது.

ஹசீனா அதைப் படித்தார். மெதுவாகத்தான் படித்தார், ஆனால் குரலில் இருந்தது கோபம் என்று திருமலைசாமிக்குத் தெரிந்தது. இரண்டு வருஷத்தில் அந்தக் குரலை அவர் கேட்டதில்லை.

"இந்தக் குறி போட்டா வரி தப்பிக்கும்னு எத்தனை பேருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டுங்க."

"பிளகினை எல்லாருக்கும் கொடுத்தப்ப ஒரு மெயில் அனுப்பினீங்களே. எப்படிப் பயன்படுத்தணும்னு பதினோரு குறிப்பு. அதுல இது இருக்குதா?"

"இல்லீங்க மேடம்."

"கீழ கூப்பிடாத வரியும் வேலை செய்யும்னு உங்களுக்கு அஞ்சு மாசத்துக்கு முன்னாடியே தெரியும்."

 முன்னால் திரையில் திருமலைசாமி எழுதிய அறிக்கையின் ஒரு ஓரம் தெரிந்தது. எவ்விதக் குறிப்பும் எழுதாத காரணத்தால். அந்த வாக்கியம் அவருக்கு எவ்வளவு பிடித்திருந்தது, எழுதும்போது.

அவமானமாக இருந்தது. அவமானத்துக்குள்ளேயும் பழைய கோபம் முழுசாகச் சாகவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் பெண் இதை முதலிலேயே காட்டித் தொலைத்திருக்கக் கூடாதா, ஒரு பக்கம் எழுத விட்டுவிட்டுத்தான் காட்ட வேண்டுமா என்றும் ஒரு மூலையில் எரிந்தது. கீழே தள்ளின குதிரை குழியும் பறித்த மாதிரி. ஆனால் குதிரையில் ஏறியது யார் என்றும் கூடவே தோன்றியது.

மணி மூன்று ஐம்பது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வரதராஜன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்.

திருமலைசாமி அறிக்கையைத் திரும்பத் திறந்தார். செண்பகவல்லி என்ற பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். அந்த இடத்தில் தன் பெயரை அடித்தார். கீழே இருந்த பக்கத்தையும் அழித்துவிட்டு, நடந்ததை ஆறு வரியில் எழுதினார். இரண்டாவது வாரம், நாலாவது வரி, கை வைக்காதே, பதினோரு குறிப்பு, வியாழக்கிழமை, இருநூற்றுப் பன்னிரண்டு ஃபைல். ஒன்றாம் தேதியை நினைக்கக் கூடாது என்று நினைத்தார். நினைப்பு வரத்தான் செய்தது. வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று அடித்து முடித்தார்.

"ஆச்சுங்க மேடம். கையெழுத்துப் போடுங்க."

ஹசீனா குனிந்து முதலிலிருந்து படித்தார்.

"நீங்க மாத்தின இருநூத்திப் பன்னெண்டு ஃபைலையும் பாத்து, எல்லாம் சரின்னு ஒப்புதல் கொடுத்தது யாருங்ணா?"

"நீங்கதானுங்க."

"எவ்வளவு நேரத்துல?"

அவருக்குத் தெரியும். அன்றைக்கு அதைப் பார்த்து, நம்ம வேலையில் குருவுக்கு அவ்வளவு நம்பிக்கை என்று பூரித்துப் போனவர் அவர்.

"ஆறு நிமிஷத்துலங்க."

"இந்த அறிக்கையில அந்த ஆறு நிமிஷத்தைக் காணோமே."

"அது எதுக்குங்க மேடம்?" திருமலைசாமிக்குக் குரல் மறுபடி உயர்ந்தது, இப்போது அவருக்காக இல்லை. "முதலாளி ஒரு பேருதானுங்க கேட்டாரு. ஒரு பேரு குடுத்தாச்சு. நீங்க இந்த ஆபீசுக்கு வேணும். உங்க பேரு இதுல வர்றது நல்லாருக்காதுங்க. அது தேவையில்லாத வரின்னு நாந்தான் விட்டுட்டேன்."

ஹசீனா மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். கையெழுத்துப் போடவில்லை.

"என்னைக் கேட்டீங்களாண்ணா?" என்றார்.